பங்காருவின் வெள்ளைச் சுவர்

நாச்சியம்மாள் ஏழு வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் மட்டும்தான் பேசுவாள். ஏழைத் தாண்டி ஒரு மாதம் ஆகிவிட்ட ஆளைக் கண்டாலும் அவளுக்கு வாய் திறக்காது. வீட்டு ஆட்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். மற்றபடி ஊர் முழுக்க அவளுடைய குரலைக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் பாதிப் பேருக்குப் பால்பல்கூட விழவில்லை.

அவளுக்குப் பதினாறு வயது. எட்டாம் வகுப்பில் பாதி வருஷம் போயிருந்தபோது அம்மா சின்னாத்தாள் நெல்லுக் களத்தில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள நாச்சி பள்ளிக்கூடத்திலிருந்து நின்றாள். அம்மாவின் கால் மூன்று மாதத்தில் கூடிவிட்டது. நாச்சிதான் திரும்பிப் போகவில்லை. இத்தனை நாள் எங்கே போனாய் என்று டீச்சர் கேட்பார். நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கு மஞ்சள் காட்டில் களை எடுப்பது எவ்வளவோ மேல். மஞ்சள் செடி யாரையும் கேள்வி கேட்பதில்லை.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஐந்து மைலில், வாய்க்காலை ஒட்டி அவர்களுடைய காலனி. அதன் கடைசியில் ஓடு வேய்ந்த ஒற்றை அறைதான் தேவாலயம். பெஞ்சு கிடையாது, பாய்தான். ஐந்து ஊருக்கும் ஒரே போதகர், சாமுவேல். மொபெட்டில் வருவார். அந்த மொபெட் ஊருக்குள் வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் அதன் சத்தம் வந்துவிடும். அதைக் கேட்டுத்தான் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டுச் சேலை மாற்றுவார்கள்.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து போதகர் மொபெட்டை எடுக்கப் போனபோது, கோயிலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எட்டிப் பார்த்தார். ஓர் ஓட்டை முறத்தை நோவாவின் கப்பலாக்கி, இரண்டு கத்தரிக்காயை யானை என்றும் இரண்டு வெண்டைக்காயை ஒட்டகச்சிவிங்கி என்றும் ஏற்றிக்கொண்டிருந்தாள் நாச்சி. பத்துப் பதினைந்து பொடிசுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. "யானை ஏறுனதும் கப்பல் இப்படிச் சாஞ்சுபோச்சு! நோவாத் தாத்தா என்ன சொன்னாரு? 'ஏனுங் யானை, சித்தெ தள்ளி உக்காருங்க'ன்னாரு!" போதகர் பத்து நிமிஷம் நின்று கேட்டார். அவரைப் பார்த்ததும் நாச்சியின் வாய் மூடிக்கொண்டது. நோவாவும் யானையும் முறத்தில் அப்படியே நின்றுபோனார்கள்.

அடுத்த வாரமே போதகர் சபைப் பெரியவர்களிடம் சொன்னார். "புது வருஷத்துல இருந்து சின்னப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைக்கலாம். நாச்சியம்மா எடுக்கட்டும்."

"ஆருங்? சின்னாத்தா மகளா?" என்றார் பங்காரு. சபையில் மூத்தவர் அவர்தான். வருஷா வருஷம் கிறிஸ்மஸ் நோம்பிக்குக் கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் அவர்தான். "ஐயா, பாடம் எடுக்கறதுன்னா நாலு பேரு முன்னால நின்னு பேசோணும். அந்தப் புள்ள தோத்திரம் சொல்றதே கொசு காதுகிட்ட வந்துட்டுப் போற மாதிரி இருக்குதுங்."

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கிறிஸ்மஸுக்கு முதல் நாள், ஞாயிறு சாயங்கால ஆராதனையில், பிள்ளைகளை வைத்து, போதகரின் மேசைக்குப் பின்னால் இருக்கும் பின் சுவரை நட்சத்திரங்களால் அலங்கரித்திருக்க வேண்டும். சபை முன்னால் நின்று பிள்ளைகளோடு ஓர் ஆட்டமும் ஆடிக் காட்ட வேண்டும். செய்தால் குட்டி வகுப்பு அவளுக்கு. இல்லாவிட்டால் குட்டிகள் எப்போதும்போலப் பெரியவர்களின் வகுப்பில், கடைசியில் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொள்ளலாம்.

நாச்சிக்கு அந்த வகுப்பு வேண்டும். வேறெதையும் அவள் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. களை எடுக்கும்போது குனிந்த வாக்கிலேயே மஞ்சள் செடிகளுக்குப் பாடம் நடத்திப் பார்த்தாள். செடிகள் ஒழுங்காகக் கவனித்தன. சபை கவனிக்குமே, அதை நினைத்தபோதுதான் களையோடு ஒரு மஞ்சள் செடியையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. பள்ளிக்கூடத்துக்கு அரைப் பரீட்சை லீவு. பங்காரு விடியும் முன்பே வந்து பின் சுவருக்கு மட்டும் கெட்டியாக ஒரு கோட்டுச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்து அதை ரசித்துவிட்டுப் போயிருந்தார். மற்ற மூன்று சுவருக்கும் நாளை விடிந்ததும் அடிப்பதாக ஏற்பாடு. பத்து மணிக்குக் குழந்தைகள் வந்தார்கள். நாச்சி முன்பே சொல்லி வைத்திருந்தாள்: வீட்டில் இருக்கிற பழைய காலண்டர் தாள், ஆளுக்கு ஒரு கரண்டி மஞ்சள் தூள். கடைகளில் மினுமினுப்புக் காகிதம் கிடைக்கும்தான். ஆனால் மஞ்சள் இல்லாத வீடு அந்தப் பக்கத்தில் ஏது?

பதின்மூன்று பேர் பதின்மூன்று கரண்டி கொண்டுவந்தார்கள். வழியில் சிந்தியது போக ஏழு கரண்டி தேறியது. பதினான்காவதாக, அழைக்காமலே ஒருவன் வந்தான். தோட்டத்துக்காரர் பொங்கியண்ணனின் பேரன் சபரீஷ், ஐந்து வயது. இரண்டு கையாலும் ஒரு பெரிய டப்பாவைக் கட்டிப் பிடித்திருந்தான்.

"அக்கா, நானும் வாரேன்."

"இதென்ன சாமி, இவ்வளவு மஞ்சள்? அம்மாகிட்டக் கேட்டியா?"

"எங்கம்மா சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போயிட்டாங்க. ஒரு கரண்டின்னு சொன்னாங்க. கரண்டி எட்டலே. டப்பா எட்டுச்சு."

இதற்கு மேல் என்ன கேட்பது? ஓர் அகலச் சட்டியில் மைதாப் பசை காய்ச்சி வைத்திருந்தாள். அதில் மஞ்சளைக் கொட்டிக் கலக்கினாள். டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுப்பதற்குள் ஜெரோம் பின்னாலிருந்து தட்டிவிட, பாதி டப்பா உள்ளே போய்விட்டது. ஜெரோமுக்கு ஆறு வயது. உலகத்தில் அவனுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

"போதாதுக்கா," என்றான். "இன்னும் கொட்டு. ஆகாசத்துல நட்சத்திரம் இதைவிட மஞ்சளா இருக்கும். நான் கிட்டப் போயிப் பாத்திருக்கேன்."

நட்சத்திரம் செய்யும் விதம் நாச்சியே யோசித்தது. கட்டை விரலை மடக்கிக்கொண்டு மற்ற நான்கு விரலையும் சேர்த்து அழுத்தினால் அது ஒரு முனை. ஐந்து பேர் தாளைச் சுற்றி உட்கார்ந்து, விரல்நுனி வெளியே பார்க்க ஆளுக்கு ஒரு கை பதித்தால் நட்சத்திரம். பதினான்கு பேருக்கு ஒரு கை குறைந்தது. அங்கே நாச்சி தன் கையை வைத்தாள். வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். "எல்லாரும் சேந்து அழுத்தோணும். ஒருத்தர் எடுத்தாலும் நட்சத்திரம் மொண்டியாப் போயிரும். ஒண்ணு, ரெண்டு, மூணு... எடுங்க!" கைகளை எடுத்தபோது தாளில் ஒரு மஞ்சள் நட்சத்திரம். பிள்ளைகள் போட்ட கூச்சலில் வாசல் மரத்துக் கிளைகளில் இருந்த மைனாக்கள் எல்லாம் பறந்து போயின.

"அக்கா, ஏசப்பாவுக்கு மஞ்சள் புடிக்குமா?" என்று கேட்டாள் யுவஸ்ரீ. நான்கு வயது. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாள்.

"புடிக்கும் கண்ணு."

"எனக்குப் புடிக்காது. எங்கம்மா மூஞ்சில தேச்சுத் தேச்சுக் கழுவி உடுவாங்க. ஏசப்பாவோட அம்மாவும் தேப்பாங்களா?"

ஜெரோம் முந்திக்கொண்டான்: "ஆம்பளைப் பசங்களுக்குத் தேக்க மாட்டாங்க." விஷயம் முடிந்தது.

ஒன்பது நட்சத்திரங்கள் ஆயின. வெயிலில் வரிசையாகப் பரப்பிக் கல் வைத்தாள். பதினான்கு பிள்ளைகளும் இருபத்தெட்டு மஞ்சள் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அடிபம்புக்கு அழைத்துப் போனால் சேற்றில் புரண்டுவிட்டுத்தான் வருவார்கள் என்று நாச்சிக்குத் தெரியும். இங்கேயே விட்டால் நட்சத்திரங்களை மிதிப்பார்கள். "கை காயட்டும், காஞ்சதும் கழுவிக்கலாம்," என்று எல்லாரையும் உள்ளே ஓட்டிக்கொண்டு போனாள். சபை முன்னால் ஆட வேண்டிய ஆட்டத்தை ஒருமுறை ஆடிப் பார்த்துவிடலாம்.

ஆட்டமும் அவள் கண்டுபிடித்ததுதான். கண்ணாமூச்சியைக் கொஞ்சம் திருப்பிப் பெத்லகேம் வயலுக்குக் கொண்டுபோயிருந்தாள். ஒருவர் மேய்ப்பன். துண்டால் கண்ணைக் கட்டிவிட வேண்டும். மற்றவர்கள் ஆடுகள். மே மே என்று கத்திக்கொண்டே ஓட வேண்டும். மேய்ப்பன் பிடிக்கிற ஆடு அடுத்த மேய்ப்பன். வாசல் பக்கச் சுவர்தான் ஆட்டுப்பட்டி. அதைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஆட்டைப் பிடிக்கக் கூடாது. பின் சுவரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அது அவ்வளவு வெள்ளையாக, பார்த்தாலே தொடக் கூடாது என்று தெரிகிறாற்போல் இருந்தது. பார்த்தாலே தெரிகிற சங்கதிகள் ஆறு வயதில் தெரிவதில்லை என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

முதல் மேய்ப்பன் அவளேதான். ஜெரோம் துண்டைக் கட்டினான். மூக்கையும் சேர்த்துக் கட்டினான்.

"மே!"

"மேஏஏ!"

"அக்கா இங்கே, மே!"

நாச்சி கையை நீட்டிக்கொண்டு தடவினாள். பாவாடையின் ஓரத்தை யாரோ இழுத்துவிட்டு ஓடினார்கள். இந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, அந்தப் பக்கம் ஓர் ஆடு. "மேய்ப்பன் வாரேன், மேய்ப்பன் வாரேன்!" என்று குரலைத் தடியாக்கிக்கொண்டு அவளும் ஆடினாள். பட்டிச் சுவரில் பதினான்கு ஆடுகளுக்கு இடம் போதவில்லை. இடித்துக்கொண்டார்கள், தள்ளிக்கொண்டார்கள். அப்போது ஜெரோம் கத்தினான்: "ஒரு பட்டி பத்தாது! அக்கட்டால இருக்கற சுவரும் பட்டி!"

சரசரவென்று காலடிகள் போயின. பிறகு சப், சப், சப்பென்று சத்தம். பிறகு, அந்தக் காலையில் முதல் தடவையாக, அமைதி.

"ரத்தம்," என்றாள் யுவஸ்ரீ மெல்ல.

நாச்சி துண்டைப் பிய்த்து எடுத்தாள். பங்காருவின் வெள்ளைச் சுவரில், முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை, சின்னச் சின்னக் கைகள். மஞ்சள் கைகள் அல்ல. பட்டை பட்டையாகச் சிவந்த கைகள்.

"ஏக்கா, மஞ்சளா வெச்சேன், செவப்பா வந்துச்சு!" என்றான் சபரீஷ், தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. பிறகு, சரிதானா என்று பார்க்க, இன்னொரு தடவை வைத்தான். சிவப்பாகத்தான் வந்தது.

அவ்வளவுதான், பதினான்கு பேரும் சுவர்மேல் பாய்ந்தார்கள். "நானு! நானு!" "இங்க பாரு, என்ற கை ரெண்டும்!" "நான் மூக்கு வெக்கறேன்!" ஒருத்தி மூக்கையே வைத்தாள். நாச்சி "வேண்டா கண்ணுகளா, வேண்டா சாமி" என்று ஒவ்வொருவராகப் பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்க மற்றவர்கள் வைத்தார்கள். யுவஸ்ரீயின் மூக்கு நுனியில் சிவப்புப் பொட்டைப் பார்த்ததும் நாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். அடக்கியது தும்மலைப் போல வெடித்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரித்ததைப் பார்த்து ஆடுகள் எல்லாம் சிரித்துக்கொண்டு அவள்மேலேயே விழுந்தன.

சிரிப்பு அடங்கியபோது பயம் வந்தது.

மூலையில் பங்காரு மிச்சம் வைத்திருந்த சுண்ணாம்பு வாளியும் மட்டையும் இருந்தன. நாச்சி ஓடிப் போய் எடுத்தாள். கைகளின்மேல் ஓர் இழுப்பு இழுத்தாள். கை மறையவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மலர்கிற பூப்போல இன்னும் நன்றாகச் சிவந்தது.

"ஐ! அக்கா இன்னும் செவப்பாக்குது!" என்று கை தட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து வெளியே நிஜமாகவே ஓர் ஆடு கத்தியது. ஜெரோம் வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தான். திரும்பி வந்தவன் முகத்தில் பெரிய சேதி சொல்லப்போகிற பெருமை. "அக்கா, பங்காரு மாமனோட வெள்ளாடு கடைசி நட்சத்திரத்தத் தின்னுட்டு இருக்குது."

"மத்த எட்டும்?"

"அதெல்லாம் முன்னாலயே தின்னுபோட்டுது."

மைதாப் பசையில் செய்த நட்சத்திரம். எந்த வெள்ளாடு விடும்? அந்த ஆட்டைத் தேடிக்கொண்டு பின்னாலேயே பங்காருவும் வந்தார். வாசலில் கால் வைத்தவர் சுவரைப் பார்த்தார்.

"ஏனுங், இதென்னங்?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. சுவரைத்தான் கேட்டிருக்க வேண்டும். பிறகு குரல் ஏறியது. "மாரியாத்தா கோயலுக்குக்கூட இத்தன கை வெக்க மாட்டாங்களே! ஆருடா இதச் செஞ்சது?"

"ஆடுங்க மாமா," என்றான் ஜெரோம்.

"எந்த ஆடு?"

"நாங்கதான். நாங்க நல்ல ஆடு. உங்க ஆடுதான் கெட்ட ஆடு. நட்சத்திரத்தயெல்லாம் தின்னுபோட்டுது. வாயப் பாருங்க."

பங்காரு ஆட்டைப் பார்த்தார். ஆடு மஞ்சள் தாடியோடு அவரைப் பார்த்து அசைபோட்டது. அவருக்குக் கோபம் இரட்டிப்பானது.

"நாளைக்குப் போதகரய்யா வரட்டும். சொல்லிப்போடறேன். குட்டி வகுப்பும் வேண்டா, ஒண்ணும் வேண்டா. ஒரு காலைப்பொழுதுக்கே இந்தக் கோலம்!"

நாச்சி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. குனிந்து யுவஸ்ரீயின் காதில், "மாமாவ மன்னிச்சுக்கச் சொல்லு கண்ணு," என்றாள்.

யுவஸ்ரீ ஓரடி முன்னால் வந்தாள். "மாமா, அக்கா உங்கள மன்னிச்சுட்டாளாம்."

பங்காரு ஆட்டின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் சின்னாத்தாள் சேதியைக் கேட்டுவிட்டு, உடைந்து கூடிய காலை நீட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏன் அம்மணி, ஊட்டுக்கு ஊடு ஆரத்தி கரைக்கறப்பப் பக்கத்துலதான நிக்கறே? மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தாச் செவக்கும்னு தெரியாதா?"

"அது தட்டுலதான செவக்கும்னு நெனச்சேன்," என்றாள் நாச்சி. அம்மாவோடு சேர்ந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். வகுப்பு போய்விட்டது. நாளைக்கு நட்சத்திரமும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் பங்காரு ஒரு கோட்டு அடித்தார். ஈரத்தில் கைகள் தெரிந்தன. காயட்டும் என்று விட்டார். காய்ந்தபோது அவை ரோஸ் நிறத்தில் தெரிந்தன. இன்னொரு கோட்டு அடித்தார். மற்ற மூன்று சுவரும் பளிச்சென்று வெளுத்துவிட்டன. பின் சுவர் மட்டும் முன்பைவிட நன்றாக, கைகள் சுவருக்குள்ளிருந்து வெளியே வரப் பார்ப்பதுபோல இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மொபெட் சத்தம் கேட்டது. அறுபது பேர் பாய்களில் வந்து உட்கார்ந்தார்கள். கண் முதலில் போனது சுவருக்குத்தான்.

"ஏனுங் பங்காரண்ணா," என்று ஆரம்பித்தாள் ஜெரோமின் அம்மா பழனியாத்தாள், "சுண்ணாம்புக்குப் பதிலா ரோஸ் பவுடர் வாங்கிப்போட்டீங்களா?"

"சுவரு வெக்கப்படுதுங்," என்றான் சுப்பையன். பங்காருவின் மச்சினன், இப்படிப்பட்ட நாளுக்காக வருஷம் பூராவும் காத்திருக்கிறவன்.

"பொடுசுக மஞ்சக் கை வெச்சுப்போட்டுதுக," என்றார் பங்காரு.

"செரி, வெச்சுதுக. அதுக்குமேல ரெண்டு கோட்டு அடிச்சீங்களாமே? அப்பறமும் மறையலேன்னா என்ன அர்த்தம்? வாளித் தண்ணில ஒரு கரண்டிச் சுண்ணாம்பக் கலக்கி அடிச்சா எப்படிங் மாமா மறையும்?" என்றான் சுப்பையன்.

சபை சிரித்தது. பங்காரு ஏதோ சொல்ல வாய் எடுத்தார். சிரிப்பில் அது கேட்கவில்லை. இருபது வருஷமாகச் சுண்ணாம்பு அடிக்கிறவர். துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வகுப்பைப் பற்றிப் போதகரிடம் முறையிட வந்தவர் அதையே மறந்துவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

போதகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜெபித்துவிட்டு, "நாச்சியம்மா, வாம்மா. உன் ஆட்டத்தை ஆரம்பி," என்றார்.

நாச்சி எழுந்து முன்னால் வந்தாள். பிள்ளைகள் எல்லாம் அவரவர் அம்மா மடியில் இருந்தார்கள். இன்றைக்கும் அழைக்காமலே வந்திருந்த சபரீஷ் ஜெரோமை ஒட்டி உட்கார்ந்திருந்தான். காதில் சொல்லியனுப்பப் பக்கத்தில் ஒரு யுவஸ்ரீகூட இல்லை. அறுபது ஜோடிக் கண்கள். பேசாமல் நின்றால் கொஞ்ச நேரத்தில் போதகரே உட்காரச் சொல்லிவிடுவார். வகுப்பு இல்லை என்பது நேற்றே முடிவான விஷயம். புதிதாக இழக்க ஒன்றும் இல்லை. ஆனால் பங்காரு மாமன் மடித்த துண்டை மறுபடியும் பிரிப்பது அவள் கண்ணில் பட்டது.

"சுண்ணாம்புல குத்தமில்லீங்க," என்றாள்.

"என்ன சொல்லுது அந்தப் புள்ள?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள்.

"சுண்ணாம்புல குத்தமில்லீங்க!" இந்தத் தடவை ஓடு வரைக்கும் போயிற்று. "மஞ்சளுஞ் சுண்ணாம்பும் சேந்தா ஆரத்தியாயிருமுங்க. எத்தன கோட்டு அடிச்சாலும் செவக்குமுங்க. தண்ணிச் சுண்ணாம்பா இருந்தா மஞ்சக் கை மஞ்சளாவே நின்னிருக்கும். மாமா அடிச்சது கெட்டிச் சுண்ணாம்பு. அதனாலதான் இத்தன செவப்பு. ஆரத்தி கரைக்கறவிய ஆரு வேணும்னாலும் சொல்லுங்க, பொய்யா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அட, ஆமா," என்றாள் ஒருத்தி. "புள்ள சொல்றது நெசந்தான்."

பங்காருவின் தலை நிமிர்ந்தது. "கேட்டுக்கடா சுப்பையா! கெட்டிச் சுண்ணாம்பு!"

நாச்சிக்கு வாய் திறந்துவிட்டது; மூட வரவில்லை. "நட்சத்திரம் செஞ்சோம், ஆடு தின்னுபோட்டுது. ஆரு ஆடுன்னு நான் சொல்ல மாட்டேன். அதனால இன்னைக்கு ஆட்டம் வேற. இந்தச் சுவத்துல பதினாலு ஆட்டுக்குட்டி காணாமப் போயிருக்குது. மேய்ப்பன் தேடிக் கண்டுபுடிக்கோணும். அம்மாமாருதான் மேய்ப்பன். அவிய அவிய புள்ள கை எதுன்னு அவிய அவிய கண்டுபுடிச்சு வெரல் வெக்கோணும். புள்ளைக ஆரும் காட்டிக் குடுக்கப்படாது. மே மேன்னு கத்தலாம். ஓடுங்க!"

முதலில் பழனியாத்தாள் சேலையை இழுத்துச் செருகினாள். அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு எங்கே பின்தங்கிவிடுவோமோ என்று பயம் வந்துவிட்டது. அத்தனை பேரும் சுவருக்கு ஓடினார்கள்.

"இது என்ற பையன் கை! சுண்டு விரல் வளைஞ்சிருக்குது பாரு!"

"அது எம்புள்ள சுண்டு விரலு, தள்ளு அக்கட்டால!"

"உம்புள்ள கைய நேத்துத்தான பாத்தேன், சீப்பு வாழக்காயாட்டம் இருந்துச்சே!"

"மே!" "மே!" "மேஏஏ!"

"அம்மா, அது இல்ல, கீழ, கீழ!" என்றான் ஜெரோம், காட்டிக் கொடுக்கக் கூடாதென்பதை மறந்து.

"மூக்கு ஆரோடது? ஏனுங், இங்க ஒரு மூக்கு இருக்குதுங்!"

அப்பாக்களுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. சுப்பையன் ஒரு கைக்கு உரிமை கொண்டாடினான். அவனுக்குப் பிள்ளையே கிடையாது. பங்காரு நடுவராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டு, ஒவ்வொரு கைக்கும் முன்னால் குனிந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போனார். அந்தக் கூச்சலில் சபரீஷின் அம்மா புவனா மஞ்சள் டப்பாவையும் மகனையும் தேடிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அவள் இந்தப் படி ஏறியதே இல்லை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றவள், உள்ளே நடப்பதைப் பார்த்தாள். "இங்க ஒரு கைக்கு ஆளே வரலீங்க! நடு வெரல்ல பெரிய மச்சமாட்டம் ஒரு தழும்பு!" என்று பங்காரு அறிவித்தார். "அது ரைஸ் மில்லுல பட்டதுங்க, என்ற பையனுதுங்க!" என்று கத்திக்கொண்டு புவனா கூட்டத்துக்குள் புகுந்துவிட்டாள்.

போதகர் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். யாரோ அவருடைய அங்கியின் ஓரத்தை மிதித்துக்கொண்டிருந்தார்கள். "சபையாரே... சபையாரே..." என்றார். யார் கேட்பது? பாய்கள் சுருண்டன. ஒரு கைக்காக இரண்டு பேர் கிட்டத்தட்டத் தலைமுடியைப் பிடிக்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். குழந்தைகள் எல்லாரும் ஒன்றாக மே மே என்றார்கள். மேசைமேல் இருந்த விளக்கு ஆடியது.

"எல்லாரும் உக்காருங்க!"

எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று நாச்சிக்கே தெரியவில்லை. தன்னுடையதுதான் என்று அறிந்தபோது சபை முழுக்க உட்கார்ந்திருந்தது. பாய் இருந்தவர்கள் பாயில், இல்லாதவர்கள் தரையில். பழனியாத்தாள், புவனா, சுப்பையன், எல்லாரும் சம்மணம் போட்டிருந்தார்கள். சாமுவேல் போதகரும் அங்கியைச் சுருட்டிக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். யுவஸ்ரீ வாயில் விரலை வைத்து "உஸ்" என்றாள்.

கோயிலில் அப்படி ஓர் அமைதி எந்த ஜெபத்துக்கும் இருந்ததில்லை.

நடுவில் ஒரு கை உயர்ந்தது. பங்காருவினுடையது. அவர் போதகரைப் பார்க்கவில்லை, நாச்சியைப் பார்த்தார்.

"நான் ஒண்ணு சொல்லலாமுங்களா?"

"சொல்லுங் மாமா," என்றாள் நாச்சி.

அவர் எழுந்து நின்றார். துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். "குட்டி வகுப்ப இந்தப் புள்ளைக்கே குடுத்துப்போடலாமுங். ஆனா வருசம் பூரா மஞ்சளப் பூட்டி வெக்கோணும்."

"வெச்சுக்கறனுங்க. செரி, உக்காருங்க."

பங்காரு உட்கார்ந்தார்.

அடுத்து, போதகர் கையைத் தூக்கினார்.